வெட்டிய ஓரம் தெரிகிறதா? செலக்சன், மாஸ்க் பிழைகளை அறிகுறி பார்த்துத் திருத்துதல்

கிளிநொச்சி, பரந்தன், புதுக்குடியிருப்பு, மாங்குளம், வவுனியா என்று வன்னியின் எந்த ஸ்டூடியோவுக்குப் போனாலும் மேசையில் கிடக்கிற வேலை ஒன்றுதான். ஆளை வெட்டி எடுத்து வேறு பேக்ரவுண்டில் வைக்க வேண்டும். சாமத்திய வீட்டு அல்பம், கலியாண பனர், கோயில் திருவிழா நோட்டீஸ், 31ஆம் நாள் நினைவு மலர் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுவே. வருகிற பிழைகளும் விரல் விட்டு எண்ணக்கூடியவை. உங்கள் திரையில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் காசும் நேரமும் செலவாகாத திருத்தம் முதலில் வரும்.

மெனுப் பெயர்கள் போட்டோஷொப் 2020க்குப் பிந்திய பதிப்புகளுக்கு உரியவை. பழைய பதிப்பில் வேறுபடும் இடங்களைக் குறித்திருக்கிறோம். கிம்ப் (இலவசப் படத்திருத்த மென்பொருள்) பாவிப்பவர்களுக்குத் தனித் தலைப்பு உண்டு.

எந்த அறிகுறிக்கும் பொதுவாக இரண்டு விடயங்கள். முதலாவது, அழிரப்பர் டூலைத் தொடாதீர்கள். அழித்தது போனது போனதுதான். மாஸ்க்கில் (படத்தை அழிக்காமல் மறைக்கும் மூடுதிரை) மறைத்தது எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரும். இரண்டாவது, படத்தைப் பார்த்துப் பிழை தேடாமல் மாஸ்க்கைப் பாருங்கள். லேயர் பனலில் மாஸ்க்கின் சின்னப் படத்தை ஓல்ட் விசையுடன் கிளிக் செய்தால் மாஸ்க் மட்டும் கறுப்பு வெள்ளையில் திரை நிறையத் தெரியும். வெள்ளை தெரியும் பகுதி, கறுப்பு மறையும் பகுதி, சாம்பல் அரைகுறைப் பகுதி. இந்தப் பக்கத்தில் உள்ள பிழைகளில் பெரும்பாலானவை அந்தக் காட்சியில் உடனே பிடிபடும். ஷிப்ட் உடன் கிளிக் செய்தால் மாஸ்க் தற்காலிகமாக நிற்கும். மீண்டும் அதே கிளிக், மாஸ்க் திரும்ப வரும்.

## அறிகுறி: பிரஷ் ஓடுகிறது, ஒன்றும் நடக்கவில்லை

இந்த வரிசையில் பாருங்கள்.

மறைந்த செலக்சன் (தெரிவு செய்த பகுதி). கொன்ட்ரோல் + எச் தவறுதலாகத் தட்டுப்பட்டால் ஓடும் புள்ளிக்கோடு மட்டும் மறையும், செலக்சன் அப்படியே இருக்கும். அதற்கு வெளியே பிரஷ் வேலை செய்யாது. கொன்ட்ரோல் + டி அடித்துவிட்டுத் திரும்பப் பூசிப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேயே தீரும்.

எதில் பூசுகிறீர்கள்? லேயரில் படத்துக்கு ஒரு சின்னப் பெட்டி, மாஸ்க்குக்கு ஒரு சின்னப் பெட்டி. எதைச் சுற்றி மூலைக்கோடு இருக்கிறதோ அதில்தான் பூச்சு விழும். முகத்தில் கறுப்புத் திட்டு விழுந்தால் நீங்கள் மாஸ்க்கில் இல்லை, படத்தில் பூசியிருக்கிறீர்கள். உடனே கொன்ட்ரோல் + இசட்.

நிறம். மாஸ்க் தெரிவாகியிருக்கும்போது டி விசை கறுப்பு வெள்ளையை மீட்கும், எக்ஸ் விசை இரண்டையும் மாற்றும். ஏற்கெனவே வெள்ளையான இடத்தில் வெள்ளை பூசினால் மாற்றம் எங்கிருந்து வரும்?

ஒபாசிட்டி. பிரஷ் கையில் இருக்கும்போது விசைப்பலகையில் 1 தட்டுப்பட்டால் ஒபாசிட்டி 10 வீதமாகும். 0 தட்டினால் 100. ஷிப்ட் உடன் எண்ணைத் தட்டினால் ப்ளோ மாறும். பிரஷ் மோட் நோர்மலில் இருக்கிறதா என்றும் மேலே பாருங்கள். முதல்நாள் கூந்தல் வேலைக்கு ஓவர்லே வைத்துவிட்டு அப்படியே விட்டிருந்தால், முழுக் கறுப்பிலும் முழு வெள்ளையிலும் பிரஷ் எதுவும் செய்யாது.

மாஸ்க் பொத்தானே மங்கலாக இருக்கிறது என்றால் இமேஜ் மெனுவில் மோடைப் பாருங்கள். இன்டெக்ஸ்ட் கலர் என்று இருந்தால் (ஜிஃப் கோப்புகள் இப்படித்தான் திறக்கும்) ஆர்.ஜி.பி.க்கு மாற்றுங்கள். பழைய பதிப்புகளில் பூட்டுப் போட்ட பேக்ரவுண்ட் லேயருக்கு மாஸ்க் வராது. அதை இரட்டைக் கிளிக் செய்து சாதாரண லேயராக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் அசையவில்லை என்றால், போட்டோஷொப்பை மூடி, திறக்கும் கணத்தில் கொன்ட்ரோல், ஓல்ட், ஷிப்ட் மூன்றையும் சேர்த்துப் பிடியுங்கள். செட்டிங்கை அழிக்கவா என்று கேட்கும். ஆம் கொடுத்தால் எல்லாம் தொடக்க நிலைக்குப் போகும். நீங்கள் அமைத்த பிரஷ், அக்சன் இருந்தால் முதலில் சேமித்து வையுங்கள்.

## அறிகுறி: செலக்சன் எடுக்கும்போதே எச்சரிக்கைப் பெட்டி வருகிறது

பாதிக்கு மேல் தெரிவான பிக்சல் இல்லை என்ற செய்தி வந்தால், பெதர் (ஓரத்தை மெல்ல மங்கவைக்கும்) அளவு செலக்சனைவிடப் பெரிதாக இருக்கிறது. லாஸோ, மார்க்கீ டூல்களின் மேல் பட்டையில் பெதர் பெட்டி உண்டு. ஒரு முறை 20 போட்டால் அடுத்த வேலைக்கும் அது 20ஆகவே நிற்கும். 0 ஆக்குங்கள். பெதர் தேவையானால் பிறகு ஷிப்ட் + எப்6இல் கொடுக்கலாம், அல்லது மாஸ்க்கின் புரப்பர்டீஸ் பனலில் கொடுக்கலாம். பனலில் கொடுப்பது நல்லது, பின்னர் மாற்ற முடியும்.

எந்தப் பிக்சலும் தெரிவாகவில்லை என்று வந்தால், மேல் பட்டையின் இடப்பக்கம் உள்ள நான்கு சதுரங்களைப் பாருங்கள். கடைசிச் சதுரமான இன்டர்செக்ட் அழுத்தியிருக்கும். முதலாவதை அழுத்துங்கள். கூட்ட ஷிப்ட், கழிக்க ஓல்ட் என்று விசையால் செய்யப் பழகினால் அந்தச் சதுரங்கள் தேவையே படாது.

பென் டூலில் சுற்றும்போது உள்ளே நிறம் நிரம்பினால், மேல் பட்டையில் ஷேப் என்று இருப்பதைப் பாத் என்று மாற்றுங்கள். பாத்தை முடித்துக் கொன்ட்ரோல் + என்டர் அடித்ததும் ஆளுக்குப் பதில் ஆளைச் சுற்றிய இடம் தெரிவானால், கொன்ட்ரோல் + ஷிப்ட் + ஐ அடித்துத் திருப்புங்கள்.

## அறிகுறி: வெள்ளைச் சட்டையும் வானமும் ஒன்றாகப் பிடிபடுகிறது

வன்னி வெயிலில் இது ஓயாத தொல்லை. நடுப்பகலில் குளக்கட்டிலோ வயல் வரம்பிலோ எடுத்த படத்தில் வானம் வெளுத்து, வேட்டி சால்வையும் வெளுத்து, மஜிக் வோண்ட் ஒரு கிளிக்கில் இரண்டையும் விழுங்கும்.

முதலில் டொலரன்ஸ் (எவ்வளவு நிற வேறுபாடு வரை சேர்த்துப் பிடிப்பது என்ற அளவு). தொடக்க அளவு 32. அதை 10 அல்லது 12க்கு இறக்கி, ஷிப்ட் பிடித்தபடி பல கிளிக்காக எடுங்கள். கொன்டிகுவஸ் பெட்டியில் சரி போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் படத்தில் எங்கோ ஒரு மூலையில் உள்ள வெள்ளையும் சேரும், மாப்பிள்ளையின் பல்லும் சேரும்.

சரிவரவில்லை என்றால் எப்8 அடித்து இன்போ பனலைத் திறந்து, சுட்டியைச் சட்டை ஓரத்திலும் அதற்கு வெளியே வானத்திலும் வைத்து எண்களைப் படியுங்கள். இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது.

### எண்கள் கொஞ்சமாவது வேறுபட்டால் (உதாரணமாகச் சட்டை 238, வானம் 250)

தற்காலிகமாக ஒரு கேர்வ்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயரை மேலே போட்டு, வெளிச்சப் பகுதியைப் பலமாகக் கீழே இழுங்கள். வானத்துக்கும் சட்டைக்கும் நடுவே கோடு எழும்பும். வோண்டிலோ குயிக் செலக்சனிலோ சாம்பிள் ஓல் லேயர்ஸ் பெட்டியில் சரி போட்டுத் தெரிவு செய்யுங்கள். முடிந்ததும் கேர்வ்ஸ் லேயரை அழித்துவிட்டு, மூலப் படத்துக்கு மாஸ்க் போடுங்கள். இந்த உதவி லேயர் முறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மங்கிப் போன பழைய படங்களிலும் இதுதான் கைகொடுக்கும்.

### இரண்டும் 255 என்றால்

அங்கே ஓரம் என்று ஒன்று பதிவாகவே இல்லை. எந்த டூலாலும் கண்டுபிடிக்க முடியாது. கமரா ரோ கோப்பு (கமரா பதப்படுத்தாமல் பதிந்த மூலக் கோப்பு) இருந்தால் எக்ஸ்போஷரை 1 இறக்கித் திறந்து பாருங்கள், சில நேரம் ஓரம் மீளும். ஜேபெக் மட்டும்தான் என்றால் பென் டூலால் கையாலேயே தோள் வளைவைக் கீறுங்கள். தோளுக்கு மூன்று நான்கு புள்ளிகள் போதும். புள்ளி கூடினால் தோள் நெளியும்.

## அறிகுறி: உடம்புக்குள்ளால் பேக்ரவுண்ட் தெரிகிறது, அல்லது பழைய பேக்ரவுண்ட் நிழலாய் மிஞ்சுகிறது

மாஸ்க்கை ஓல்ட் கிளிக்கில் பாருங்கள். உடம்பு முழுவதும் ஒரே சீரான சாம்பலாகத் தெரிந்தால் ஒபாசிட்டி குறைந்த பிரஷால் பூசியிருக்கலாம். மாஸ்க் வெள்ளையாகவே இருந்தும் ஆள் ஆவிபோலத் தெரிந்தால் லேயரின் ஒபாசிட்டியைப் பாருங்கள். மறைத்த பேக்ரவுண்ட் முழுவதும் ஒரே மங்கலில் திரும்பி வந்தால் புரப்பர்டீஸ் பனலில் டென்சிட்டி 100க்குக் கீழே இறங்கியிருக்கும்.

திட்டுத் திட்டாகச் சாம்பல் இருந்தால் மாஸ்க்கில் நின்றபடி கொன்ட்ரோல் + எல் அடித்து லெவல்ஸைத் திறவுங்கள். இடப்பக்கக் கறுப்பு முள்ளை 30 முதல் 60 வரை உள்ளே தள்ளினால் வெளியே மிஞ்சிய மங்கல் அழியும். வலப்பக்க வெள்ளை முள்ளை 225 அளவுக்கு இழுத்தால் உடம்புக்குள் இருக்கும் ஓட்டை அடைபடும். கூந்தல் நுனியும் சாம்பல்தான், ஆகவே கூந்தலை விட்டு உடம்பை மட்டும் லாஸோவால் சுற்றிக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

ஆளை நகர்த்தினால் வெட்டு பழைய இடத்திலேயே நிற்கிறதா? படத்துக்கும் மாஸ்க்குக்கும் நடுவில் உள்ள சங்கிலிக் குறி அற்றிருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஒரு கிளிக் போதும்.

## அறிகுறி: ஆளைச் சுற்றி வெள்ளைக் கோடு, பச்சைக் கோடு

பழைய பேக்ரவுண்டின் ஒரு பிக்சல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. மாஸ்க்கில் நின்று பில்டர் மெனு, அதர், மினிமம். ரவுண்ட்னஸ் தெரிவு செய்து 0.5இல் தொடங்குங்கள். போதாவிட்டால் 1. அதற்கு மேல் போனால் விரல், காது, தலைப்பாகையின் விசிறி மெலியும். செலக்ட் அன்ட் மாஸ்க் பெட்டிக்குள்ளேயே வேலை செய்பவர்கள் ஷிப்ட் எட்ஜை −10 முதல் −25 வரை வைத்தாலும் அதே பலன்.

மாஸ்க் இல்லாமல் நேரடியாக வெட்டப்பட்டு வந்த படம் என்றால் லேயர் மெனுவில் மேட்டிங், டிபிரிஞ்ச், 1 பிக்சல். பிறர் வெட்டித் தந்த பி.என்.ஜி.க்கு இதுதான் சுருக்கு வழி.

கோடு ஒரு பிக்சல் அல்ல, அகலமான பச்சைச் சாயல் என்றால் அது வெட்டின் பிழையே அல்ல. பசும் வயலுக்கு நடுவில் நின்றவரின் வெள்ளை வேட்டியில் பச்சை ஒளி உண்மையாகவே விழுந்திருக்கிறது. செம்மண் ஒழுங்கையில் நின்றால் வேட்டிக் கரையிலிருந்து முழங்கால் வரை சிவப்பேறும். மாஸ்க்கைச் சுருக்கிக்கொண்டே போனால் ஆள் மெலிவாரே ஒழியச் சாயல் போகாது. ஹியூ/சட்டுரேஷன் லேயரைப் படத்தின் மேல் கிளிப் செய்து (கொன்ட்ரோல் + ஓல்ட் + ஜி, அப்போது அது கீழ் லேயரை மட்டும் மாற்றும்), பச்சையை அல்லது சிவப்பை மட்டும் தெரிந்து சட்டுரேஷனை −40 அளவில் இறக்கி, அந்த லேயரின் மாஸ்க்கில் வேட்டிப் பகுதிக்கு மட்டும் விடுங்கள். சிவப்பை இறக்கும்போது தோலையும் கூறைச் சாறியையும் தொடக் கூடாது.

## அறிகுறி: கூந்தல் தலைக்கவசம்போல வருகிறது, அல்லது கூந்தலைச் சுற்றிப் பழைய வானம் ஒட்டியிருக்கிறது

அதிக நேரம் போகும் இடம் இது. அவசரப்பட்டுக் கூந்தல் நுனியை வெட்டி எறிந்து, வழுவழுப்பான வட்டத் தலையாக்கி அனுப்பிவிடுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. சாமத்திய வீட்டு அல்பத்தில் அந்தப் பிள்ளையின் தலைமுடி நாற்பது வருடம் அப்படியே இருக்கப் போகிறது. அரை மணித்தியாலம் கொடுங்கள்.

முதலில் உடம்பையும் கூந்தலின் அடர்ந்த பகுதியையும் மட்டும் தெரிவு செய்யுங்கள். பறக்கிற நுனிகளை இந்தக் கட்டத்தில் துரத்த வேண்டாம். செலக்ட் மெனுவில் செலக்ட் அன்ட் மாஸ்க் (ஓல்ட் + கொன்ட்ரோல் + ஆர்). 2016க்கு முந்திய பதிப்பில் இதே வேலைக்கு ரிபைன் எட்ஜ் என்ற பெட்டி இருக்கும். பார்வையை ஓன் லேயர்ஸுக்கு மாற்ற வை விசை. புதிய பேக்ரவுண்டைக் கீழே முன்கூட்டியே வைத்திருந்தால் இறுதி விளைவை இங்கேயே காணலாம். வெண்திரையில் அழகாகத் தெரிகிற வெட்டு, கருஞ்சிவப்பு மணவறையின் மேல் நாறிப்போகும்.

ரிபைன் எட்ஜ் பிரஷை எடுத்துக் கூந்தல் நுனிகளின் மேல் மட்டும் ஓட்டுங்கள். நெற்றி, காது, தோடு, நெற்றிச்சுட்டி இவற்றின் மேல் போகக் கூடாது. போனால் நகையின் ஓரம் கரையும். தவறிப் போன இடத்தில் ஓல்ட் பிடித்து ஓட்டினால் பழையபடி வரும். மேலே ரிபைன் மோட் என்று இரண்டு தெரிவு. பின்னால் ஒரே நிறத் திரை என்றால் கலர் அவேர், மரம் மட்டையாக இருந்தால் ஒப்ஜெக்ட் அவேர். வெளியீடு லேயர் மாஸ்க் என்று இருக்கட்டும். டிகொன்டாமினேட் கலர்ஸ் போட்டால் படத்தின் பிக்சலே மாற்றப்பட்டுப் புதிய லேயராக வரும், பிறகு மாஸ்க்கை வெளியே விரிக்கும்போது அந்த நிறங்கள் கறையாகத் தெரியும்.

இப்போது மிஞ்சியதைப் பொறுத்து வழி பிரியும்.

### நுனி வெளிறித் தெரிகிறது

மேலே புதிய லேயர் ஒன்றைக் கிளிப் செய்து, மோடை மல்டிப்ளை ஆக்குங்கள். பிரஷ் ஒபாசிட்டி 30. ஓல்ட் கிளிக்கில் கூந்தலின் உட்பகுதி நிறத்தை எடுத்து நுனியில் மெல்லப் பூசுங்கள். தூய கறுப்பு எடுக்காதீர்கள். நம் ஆட்களின் கூந்தல் வெயிலில் கடும் கபிலம், கறுப்புப் பூசினால் மை தடவியதுபோல நிற்கும்.

### பின்னால் வெளுத்த வானம், புதிய பேக்ரவுண்டும் வெளிர் நிறம்

இதற்கு மாஸ்க்கோடு மல்லுக்கட்டவே தேவையில்லை. மூலப் படத்தின் பிரதி ஒன்றை, மாஸ்க் போட்ட லேயருக்குக் கீழே, மல்டிப்ளை மோடில் வையுங்கள். வெள்ளை தானாக மறையும், கருமயிர் ஒவ்வொன்றும் நிற்கும். கூந்தலைச் சுற்றிய பகுதி தவிர மற்றதை அந்தப் பிரதியின் மாஸ்க்கில் மறைத்துவிடுங்கள். புதிய பேக்ரவுண்ட் கடும் நிறமானால் இது செல்லாது.

### வெளுத்த வானம், புதிய பேக்ரவுண்ட் கடும் நிறம்

சனல்ஸ் பனலைத் திறந்து மூன்று சனல்களையும் தனித்தனியே பாருங்கள். வானத்தின் முன்னுள்ள கருங்கூந்தலுக்குப் பெரும்பாலும் நீலச் சனலில்தான் வேறுபாடு கூட. அதைப் பிரதியெடுத்து, பிரதியில் லெவல்ஸ் போட்டு வானம் வெள்ளையாகவும் கூந்தல் கறுப்பாகவும் ஆகும்வரை முட்களை நெருக்குங்கள். நுனியில் சாம்பல் கொஞ்சம் மிஞ்ச வேண்டும், முழுக்க நெருக்கினால் மயிர் கம்பியாகிவிடும். முகம், உடம்பு எல்லாவற்றையும் கறுப்பால் நிரப்பி, கொன்ட்ரோல் + ஐ அடித்துத் திருப்பி, அந்தச் சனலைக் கொன்ட்ரோல் கிளிக் செய்து செலக்சனாக்கி மாஸ்க் போடுங்கள்.

### மல்லிகைப் பூ காணாமல் போகிறது

வெள்ளைப் பூவைப் பேக்ரவுண்ட் என்று மென்பொருள் நினைக்கிறது. கனகாம்பரம் தப்பிவிடும், மல்லிகை தப்பாது. மாஸ்க்கில் வெள்ளை நிறத்துடன், ஹார்ட்னஸ் 80 அளவான சின்னப் பிரஷால் பூச்சரத்தின் வெளிக்கோட்டைக் கையால் மீட்டெடுங்கள். இதழ் நுனி ஒவ்வொன்றும் குமிழாகத் தெரியும்படி ஓரத்தைக் குத்திக் குத்தி வையுங்கள், நேர்க்கோடாக இழுக்காதீர்கள்.

கையை மீறும் எல்லை: கலைந்த கூந்தல், பின்னால் பற்றைக்காடு, இரண்டும் ஒரே கருமை. மேலே சொன்ன எந்த வழியும் இதற்கு ஓடாது. டப்லட் பேனாவால் மயிர்மயிராக வரையத் தெரிந்த ரீடச் கலைஞரிடம் கொடுங்கள், அல்லது வாடிக்கையாளரிடம் அதே பேக்ரவுண்டை வைத்திருக்கச் சொல்லுங்கள். வலைத்துணி முக்காடும் அப்படித்தான். பள்ளிமுனையிலோ மடுவிலோ தேவாலயக் கலியாணம் எடுப்பவர்கள் முக்காட்டுப் படத்தை வெட்ட வேண்டி வரும் என்று முன்பே தெரிந்தால், ஒரு படத்தையாவது வெறும் சுவர் முன்னால் எடுத்து வையுங்கள்.

## அறிகுறி: ஓரம் பல்லுப் பல்லாக, அல்லது பஞ்சுபோல் மங்கலாக

பல் விழுந்தால் ஆன்டி அலயஸ் பெட்டியில் சரி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டும் படிக்கட்டு தெரிந்தால் மூலப் படம் சிறிது. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி, ஜேபெக் அழுத்தமும் ஏறி வரும். ஜேபெக் 8×8 பிக்சல் கட்டங்களாக அழுத்துவதால் ஓரத்தைச் சுற்றி அந்தக் கட்டங்களின் கசடு நிற்கும், செலக்சன் அதைத் தொற்றி நெளியும். வாடிக்கையாளரிடம் அதே படத்தை டொகியுமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஒரு தொலைபேசி அழைப்பு ஒரு மணித்தியால வேலையை மிச்சமாக்கும்.

பஞ்சாக வந்தால் பெதர் கூடிவிட்டது. பெதர் பிக்சல் கணக்கு, படத்தின் அளவைப் பார்த்துத்தான் போட வேண்டும். 6000 பிக்சல் அகலக் கமராப் படத்தில் 2 பிக்சல் பெதர் கண்ணுக்கே தெரியாது. 1000 பிக்சல் அகலப் படத்தில் அதே 2 முகத்தின் ஓரத்தைக் கரைக்கும். சின்னப் படத்துக்கு 0.3 முதல் 0.5, கமராப் படத்துக்கு 1 முதல் 1.5 என்று தொடங்குங்கள். ஒரே ஆளின் எல்லா ஓரத்துக்கும் ஒரே பெதர் பொருந்தாது என்பதையும் கவனியுங்கள். கண்ணில் போகஸ் வைத்த படத்தில் தோளின் பின்பக்கம் இயல்பாகவே மங்கலாக இருக்கும், அங்கே கூர்மையாக வெட்டினால்தான் ஒட்டு வேலை என்று தெரியும். மாஸ்க்கில் அந்தத் தோளோரத்தை மட்டும் புளர் டூலால் இரண்டு முறை வருடிவிடுங்கள்.

## அறிகுறி: செலக்ட் சப்ஜெக்ட் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது

எடிட் மெனு, பிரிபரன்ஸஸ், இமேஜ் புரொசெசிங். ஆளைத் தானாகத் தெரிவு செய்யும் செலக்ட் சப்ஜெக்ட் கிளவுட் என்று இருந்தால் ஒவ்வொரு முறையும் படம் இணையம் வழியே போய் வரும். சிக்னல் தளர்ந்த ஊரில் டேட்டாவும் போகும், நேரமும் போகும். டிவைஸ் என்று மாற்றுங்கள். கூந்தலில் நுணுக்கம் சற்றுக் குறையும், அதை மேலே சொன்னபடி கையால் சரிசெய்யலாம். 2018க்கு முந்திய பதிப்பில் இந்தக் கட்டளையே இல்லை, தேடிக் களைக்க வேண்டாம்.

செலக்ட் அன்ட் மாஸ்க் திறந்ததும் திரை கறுப்பாகவோ வெறுமையாகவோ நின்றால் பிரிபரன்ஸஸ், பெர்போமன்ஸில் கிரபிக்ஸ் புரொசெசர் சரியை எடுத்துவிட்டு, மூடித் திறந்து பாருங்கள். அப்போது வேலை செய்தால் குற்றம் கிரபிக்ஸ் டிரைவரில். புதிய டிரைவர் போட்டும் தீரவில்லை என்றால்தான் கணினி திருத்துபவரிடம் போக வேண்டும்.

ஸ்கிரட்ச் டிஸ்க் (போட்டோஷொப் தற்காலிகமாகப் பாவிக்கும் டிரைவ் இடம்) நிறைந்துவிட்டது என்ற செய்தி அல்ப வேலையில்தான் வரும். 12×36 அங்குல இரட்டைப் பக்கம் 300 தெளிவில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) 3600×10800 பிக்சல். ஒரு முழு லேயருக்கே ஏறத்தாழ 111 மெகாபைட் நினைவகம் வேண்டும். பத்து லேயர், அதற்குமேல் ஹிஸ்டரி என்று போனால் சீ டிரைவ் மூச்சுவிட இடமிராது. எடிட் மெனுவில் பேர்ஜ், ஓல் கொடுங்கள், ஆனால் அதன்பின் அன்டூ இராது. போட்டோஷொப் திறக்கவே மறுத்தால், திறக்கும்போது கொன்ட்ரோல் + ஓல்ட் பிடித்தால் ஸ்கிரட்ச் டிஸ்க்கை வேறு டிரைவுக்கு மாற்றும் பெட்டி வரும். ஆளை அல்பப் பக்கத்துக்குள் வெட்டாதீர்கள். தனிக் கோப்பில் வெட்டி, மாஸ்க்குடன் கொண்டுவந்து வையுங்கள். கரண்ட் போகிற இடத்தில் பைல் ஹான்ட்லிங்கில் தானியங்கிச் சேமிப்பை 5 நிமிடமாக்குங்கள்.

## அறிகுறி: திரையில் நன்றாக இருந்தது, அச்சில் கோடு தெரிகிறது

திரையில் 25 வீதத்தில் பார்த்துவிட்டு அனுப்பியிருப்பீர்கள். 100 வீதத்தில் வைத்து, ஆளுக்குக் கீழே ஒரு முறை முழுக் கறுப்பு லேயர், ஒரு முறை முழு வெள்ளை லேயர், பிறகு கடும் சிவப்பு வைத்து ஓரம் முழுவதும் ஒரு சுற்று வாருங்கள். கறுப்பில் வெளிறிய கோடும், வெள்ளையில் இருண்ட கசடும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். முழு அல்பத்தையும் லாப்புக்கு அனுப்பும் முன், கூந்தலும் தோளும் உள்ள பகுதியை 4×6 அளவில் உண்மையான பருமனிலேயே வெட்டி ஒரு அச்சுப் போட்டுப் பார்ப்பது மலிவான காப்பு. பனருக்கு இவ்வளவு தேவையில்லை. பத்தடி தூரத்தில் நின்று பார்க்கிற துணியில் கூந்தல் நுனியைவிடத் தோளின் கோடுதான் முக்கியம்.

வெட்டிய படம் வெள்ளைப் பெட்டியோடு வருகிறது என்று அச்சகத்திலிருந்து சொன்னால் நீங்கள் ஜேபெக் அனுப்பியிருக்கிறீர்கள். அதில் ஒளிபுகு பகுதி நிற்காது. பி.என்.ஜி.யாகவோ, மாஸ்க்குடன் பி.எஸ்.டி.யாகவோ அனுப்புங்கள்.

## கிம்பில் வரும் அறிகுறிகள்

அழித்தால் வெள்ளை வருகிறது: லேயர் மெனு, ட்ரான்ஸ்பரன்சி, அட் அல்பா சனல். ஜேபெக் திறந்த லேயருக்கு அல்பா இராது.

ஒட்டிய பின் எந்த டூலும் ஓடவில்லை: லேயர் பட்டியலில் மிதக்கும் செலக்சன் தொங்குகிறது. நங்கூரக் குறியை அழுத்துங்கள், அல்லது புதிய லேயராக்குங்கள்.

தெரியாத செலக்சன்: கொன்ட்ரோல் + ஷிப்ட் + ஏ. இங்கே கொன்ட்ரோல் + டி வேறு வேலை செய்யும், போட்டோஷொப் கைப்பழக்கத்தில் அடித்துவிடாதீர்கள்.

## அறிகுறி: ஸ்கான் செய்த பழைய படத்தில் எந்த டூலும் ஓரத்தைப் பிடிக்கவில்லை

இடப்பெயர்வுகளில் அல்பங்களைத் தொலைத்த குடும்பங்கள் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரே ஒரு படம். லமினேட் செய்த அடையாள அட்டை அளவுப் படம், பள்ளிக்கூடக் குழுப்படத்தில் பின்வரிசை முகம், ஈரம் பட்டுக் கண்ணாடியில் ஒட்டிப்போன சட்டப்படம். இதில் மென்பொருளுக்கு முன் கைதான் கவனமாக இருக்க வேண்டும்.

லமினேட்டைப் பிரிக்காதீர்கள், கண்ணாடியில் ஒட்டியதை இழுக்காதீர்கள். படத்தின் மேற்படலம் கழன்றுவரும், திரும்பப் பெற வழியில்லை. இருக்கிறபடியே பிரதியெடுங்கள். ஸ்கானரில் பளபளப்பு அடித்தால் கமராவை நேர்மேலே நிறுத்தி, இரண்டு விளக்குகளை இருபுறமும் 45 பாகையில் வைத்து எடுங்கள். ஸ்கானரானால் 1200 தெளிவு. 35×45 மில்லிமீற்றர் படம் 1200இல் ஏறத்தாழ 1650×2125 பிக்சல் தரும். அது 300 தெளிவில் ஐந்தரை அங்குல அகல அச்சுக்குச் சரி. 600இல் எடுத்தால் இரண்டே முக்கால் அங்குலம்தான்.

ஓரம் பிடிபடாததற்குக் காரணம் மங்கல். மேலே சொன்ன உதவி லேயர் முறையை இங்கே போடுங்கள். லெவல்ஸ் லேயரால் வேறுபாட்டைக் கடுமையாக்கி, அதன் மேல் தெரிவு செய்து, லேயரை அழித்துவிட்டு மூலத்துக்கு மாஸ்க். ஸ்கானில் புள்ளியும் கீறலும் இருந்தால் வோண்ட் ஒவ்வொரு புள்ளியையும் பிடிக்கும். செலக்ட், மொடிபை, ஸ்மூத்தில் 3 பிக்சல் கொடுத்தால் பொடிப் புள்ளிகள் விழும். ஆனால் பெரும்பாலும் பென் டூல்தான் விரைவு, பழைய படத்தில் கூந்தலும் பெரும்பாலும் வாரி இழுத்த ஒரே வரம்பாகத்தான் இருக்கும்.

குழுப்படத்தில் பக்கத்தில் நிற்பவர் தோளை மறைத்திருந்தால், இல்லாத தோளை வரையும் முன் குடும்பத்திடம் காட்டிக் கேளுங்கள். நெஞ்சளவில் வட்டமாக மங்கவைத்து முடிப்பதைப் பலர் விரும்புவார்கள். முகத்தைத் தானாகத் தெளிவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை இந்தப் படங்களில் முகத்தின் மேல் ஓட்டாதீர்கள். அவை கண்ணையும் பல்லையும் புதிதாக உண்டாக்கிவிடுகின்றன. முகம் தெளிவாக இருக்கும், ஆனால் "இது என்ர பிள்ளையின்ர கண் இல்லை" என்று தாய் சொல்லுவார். தோலின் குருணையும் மங்கலும் அப்படியே இருக்கட்டும். பேக்ரவுண்டை மட்டும் சுத்தம் செய்யுங்கள், புதிய பேக்ரவுண்டுக்கும் அதே அளவு குருணையைச் சேர்த்தால் ஒட்டு வேலை தெரியாது.

முகத்தின் மேலேயே முத்திரை குத்தியிருந்தால், பூஞ்சணம் கண்ணையோ வாயையோ தின்றிருந்தால், படம் துண்டுகளாகக் கிழிந்திருந்தால் அதை நீங்கள் தொடங்க வேண்டாம். உயர் தெளிவில் ஸ்கான் செய்த டிஃப் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு, பழைய படம் மீட்பதையே தொழிலாகச் செய்பவரிடம் அந்தக் கோப்பை மட்டும் அனுப்புங்கள். மூலப் படத்தை அன்றே குடும்பத்தின் கையில் திருப்பிக் கொடுங்கள், தபாலிலோ பஸ்ஸிலோ போட்டு அனுப்பாதீர்கள்.